நாக்கின் குற்றமா? ஆளுமைக்கும் உணவுப் பழக்கத்துக்கும் உள்ள உறவு

சர்க்கரை நோய்க்கு மருத்துவரைப் பார்க்கப் போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு: "கொஞ்சம் வாயைக் கட்டுங்க." சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். கேட்பவரும் தலையாட்டிவிட்டு வருகிறார். வீட்டில் இதே செய்தி இன்னும் கடுமையாகக் கிடைக்கும்: நாக்குக்கு அடிமை, கண்டதைத் தின்கிற புத்தி, மனக்கட்டுப்பாடு கொஞ்சமும் கிடையாது. இந்த வசவுகளுக்கெல்லாம் அடியில் ஒரே நம்பிக்கை கிடக்கிறது. ஒருவர் என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு சாப்பிடுகிறார் என்பது அவருடைய குணத்தின் வெளிப்பாடு. ஆகவே கெட்ட உணவுப் பழக்கம் என்பது ஒரு வகைக் குணக்கேடு. இது இன்று நேற்று வந்த நம்பிக்கை அல்ல. பகவத்கீதையின் 17-ஆம் அத்தியாயம் மூவகைக் குணத்தாருக்கும் பிடித்த உணவு எது எது என்று வகுத்துச் சொல்கிறது. கடந்த ஐம்பது ஆண்டுகளில் உளவியலாளர்கள் இந்த நம்பிக்கையை அளவுகோல் வைத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கிடைத்த சான்றுகளை ஒருசேர வைத்துப் படிக்கும்போது எனக்குத் தெளிவாகப் படுவது இதுதான்: குணத்துக்கும் உணவுக்கும் தொடர்பு உண்டு, அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தத் தொடர்பு நாம் எண்ணுவதைவிட மிகச் சிறியது. பெரும்பாலும் சூழலின் வழியாகவே வேலை செய்வது. சில இடங்களில் தலைகீழாகவும் ஓடுவது. இதைக் கணக்கில் கொள்ளாமல் குணத்தின் மேல் பழி போடுவது நோயாளிக்குத் தீங்கு செய்கிறது என்பதற்கும் சான்று இருக்கிறது.

இன்றைய ஆய்வுகளில் ஆளுமை என்றால் பெரும்பாலும் ஐந்து பெரும் பண்புகளைக் குறிக்கும். ஒழுங்கும் பொறுப்பும், மனக்கலக்கம், கலகலப்பு, இணக்கம், புதுமை நாட்டம் என்று அவற்றைத் தமிழில் சொல்லலாம். ஒவ்வொரு பண்பும் எல்லோரிடமும் உண்டு. கூடுதல் குறைவுதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. வினாத்தாள் கொடுத்து மதிப்பெண் எடுத்து, அதை அவர் சாப்பிடும் உணவோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே வழக்கமான முறை. சுவிட்சர்லாந்தில் கார்மென் கெல்லரும் மிக்கேல் சீக்ரிஸ்டும் 951 பேரை வைத்துச் செய்து 2015-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வகையில் நல்ல எடுத்துக்காட்டு. புதுமை நாட்டம் கூடியவர்கள் காய்கனி அதிகம் சாப்பிட்டார்கள். பொறுப்புணர்வு கூடியவர்கள் பழத்தின் பக்கம் சாய்ந்தார்கள். இனிப்புப் பானங்களைக் குறைத்துக்கொண்டார்கள். மனக்கலக்கம் கூடியவர்கள் வருத்தமோ பதற்றமோ வந்தால் இனிப்பையும் காரத்தையும் தேடினார்கள். கலகலப்பானவர்கள் கண்ணில் பட்டதையும் மூக்கில் மணத்ததையும் விடாமல் சாப்பிடும் போக்குக் கொண்டிருந்தார்கள். படித்தவுடன் "நமக்குத் தெரிந்ததுதானே" என்று தோன்றும். பொறுப்பானவர் அளவாகச் சாப்பிடுவார், கலங்குகிறவர் தின்று ஆறுதல் தேடுவார் என்பது எந்தப் பாட்டியும் சொல்லக்கூடியது. பாட்டியால் சொல்ல முடியாதது, இந்தத் தொடர்பு எவ்வளவு பெரியது என்பதைத்தான். வாதம் முழுவதும் அந்த அளவில்தான் தங்கியிருக்கிறது.

2004-இல் டிம் பாக், பிரென்ட் ராபர்ட்ஸ் என்ற இருவர், பொறுப்புணர்வுக்கும் உடல்நலம் சார்ந்த நடத்தைகளுக்கும் உள்ள தொடர்பை 194 ஆய்வுகளிலிருந்து திரட்டி ஒரே தொகுப்பாய்வாகத் தந்தார்கள். ஆரோக்கியமற்ற உணவுப் பழக்கத்துக்கும் பொறுப்புணர்வுக்கும் அவர்கள் கண்ட ஒட்டுறவுக் கெழு மைனஸ் 0.13. பொறுப்பு கூடினால் கெட்ட உணவுப் பழக்கம் குறைகிறது என்று அந்த மைனஸ் குறி சொல்கிறது. எவ்வளவு குறைகிறது என்பதை 0.13 சொல்கிறது. அந்த எண்ணை அதனாலேயே பெருக்கினால் வருவது 0.017. மக்களுக்கிடையே உணவுப் பழக்கத்தில் காணும் வேறுபாட்டில் 100-இல் 2 பங்கைக்கூட இந்தப் பண்பு விளக்கவில்லை என்று பொருள். அதே தொகுப்பாய்வில் அளவுமீறிக் குடிப்பதற்கு மைனஸ் 0.25, போதைப்பொருளுக்கு மைனஸ் 0.28 என்று வருகிறது. குடியைவிட உணவு ஏன் குணத்தோடு இவ்வளவு தளர்வாகக் கட்டுண்டிருக்கிறது? குடிக்காமலே ஒருவர் வாழ்ந்துவிடலாம். சாப்பிடாமல் வாழ முடியாது. குடிப்பவர் தேடிப் போய்க் குடிக்கிறார்; உணவோ பெரும்பாலும் இன்னொருவர் சமைத்து, இன்னொருவர் பரிமாறி, வேறொருவர் விலை வைத்து நம் முன் வருகிறது. ஒருவரின் விருப்பம் நுழைய அங்கே இருக்கும் இடம் குறுகலானது. 2013-இல் மார்க்குஸ் யோகெலாவும் உடனிருந்தோரும் ஒன்பது நெடுங்கால ஆய்வுகளிலிருந்து 78,931 பேரின் தரவைச் சேர்த்துப் பார்த்தபோது, உடல்பருமனோடு சீராக ஒட்டி நின்றது பொறுப்புணர்வு ஒன்றுதான். மற்ற நான்கு பண்புகளும் ஆய்வுக்கு ஆய்வு மாறிப் போயின.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். சிறு விளைவு என்று தள்ளிவிடலாமா? நாளுக்கு மூன்று வேளை, வருடத்துக்கு ஆயிரம் வேளைக்கு மேல் சாப்பிடுகிறோம். ஒவ்வொரு வேளையிலும் துளியளவு சாய்வு இருந்தாலும் நாற்பது வருடத்தில் அது மலையாகாதா? ஆகும். அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் முதுமை ஆய்வு 1958-இல் தொடங்கி இன்றும் நடக்கிறது. அதில் பங்கெடுத்த ஏறத்தாழ 2,000 பேரின் ஐம்பது ஆண்டு எடைப் பதிவுகளை வைத்து ஏஞ்சலினா சுட்டினும் குழுவினரும் 2011-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். உந்துதலுக்கு உடனே இணங்கும் தன்மையில் உச்சத்திலிருந்த 10 சதவீதத்தினர், அடியிலிருந்த 10 சதவீதத்தினரைவிடச் சராசரியாகச் சுமார் பத்துக் கிலோ கூடுதல் எடையோடு இருந்தார்கள். பத்துக் கிலோ சின்ன விஷயமில்லை. மூட்டு தேய்வதற்கும் சர்க்கரை ஏறுவதற்கும் அது போதும். ஆகவே குணம் பொருட்டே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒப்பீடு இரு கோடிகளுக்கு இடையிலானது. நம்மில் பெரும்பாலோர் நடுவில் நிற்கிறவர்கள். அதைவிட முக்கியம், அது ஒரே ஊரில், ஒரே காலத்தில் வாழ்ந்தவர்களுக்குள் யார் கூட, யார் குறைவு என்ற கேள்விக்கான விடை. ஊரே ஏன் பருத்தது என்பது வேறு கேள்வி.

அந்த வேறு கேள்விக்குத் தமிழ்நாட்டின் எண்களே போதும். தேசிய குடும்பநல ஆய்வின்படி 2015-16-இல் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் அதிக எடையோ உடல்பருமனோ கொண்டிருந்தார்கள். அடுத்த சுற்றான 2019-21-இல் அது 40.4 சதவீதமானது. ஆண்களில் 28.2, 37.0 ஆயிற்று. இடைப்பட்ட நான்கைந்து வருடங்களில் ஏழு கோடிக்கு மேற்பட்ட மக்களின் குணம் மாறிவிட்டதா? இவ்வளவு பேரும் ஒரே நேரத்தில் பொறுப்பை இழந்தார்களா? ஆளுமைப் பண்புகள் மிக மெதுவாக நகர்பவை என்பதில் ஆளுமை ஆய்வாளர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. மாறியவை வேறு: எண்ணெயின் விலை, உட்கார்ந்து பார்க்கும் வேலை, வீடு தேடி வரும் பொட்டலம், பெட்டிக்கடையில் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் சரம் சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட்டுகள். ஏரி உடைந்து வெள்ளம் வரும்போது தாழ்ந்த வாசல் கொண்ட வீட்டில்தான் முதலில் தண்ணீர் ஏறும். உயர்ந்த படி வைத்துக் கட்டிய வீடு தப்பிக்கும். வாசலின் உயரத்தை அளந்து, எந்த வீட்டில் தண்ணீர் நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்லிவிடலாம். வெள்ளம் ஏன் வந்தது என்று அந்த அளவு சொல்லாது. ஆளுமை ஆய்வுகள் தருவது வாசல் உயரத்தை.

சூழல் எவ்வளவு வலிமையானது என்பதற்கு நான் பெரிதும் மதிக்கும் சான்று அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் நடத்தி 2019-இல் வெளியிட்ட சோதனை. 20 பேரை ஒரு மாதம் ஆய்வு மருத்துவமனையிலேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் ஆலையில் பெரிதும் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு. தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமம்; வேண்டிய அளவு சாப்பிடலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். பதப்படுத்திய உணவு தந்த நாட்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். இரண்டே வாரத்தில் ஒரு கிலோ அளவு எடை ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் ஏறத்தாழ அதே அளவு இறங்கியது. இருபது பேர் சிறிய தொகைதான். ஆனால் இரு பக்கமும் இருந்தவர்கள் அதே மனிதர்கள், அதே குணத்தோடு. மாறியது தட்டு.

அப்படியானால் குணம் எந்த வழியாக வேலை செய்கிறது? 1986-இல் நெதர்லாந்தில் தட்யானா வான் ஸ்ட்ரீன் உருவாக்கிய வினாத்தாள் சாப்பிடும் பாணியை மூன்றாகப் பிரித்தது: உணர்ச்சிக்காகச் சாப்பிடுவது, கண்ணால் கண்டதால் சாப்பிடுவது, எடைக்குப் பயந்து அடக்கிச் சாப்பிடுவது. குணம் நேராக வயிற்றுக்குப் போவதில்லை, இந்தப் பாணிகளின் வழியாகத்தான் போகிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. இதில் மூன்றாவதை நாம் நல்ல பழக்கமாக எண்ணுகிறோம். வாயைக் கட்டுவது என்பது அதுதானே. 1975-இல் பீட்டர் ஹெர்மனும் டெபோரா மாக்கும் கல்லூரி மாணவிகளை வைத்து நடத்திய சோதனையைப் பார்த்தால் அந்த எண்ணம் ஆட்டம் கண்டுவிடும். சுவையைப் பற்றிய ஆராய்ச்சி என்று சொல்லி, சிலருக்கு முதலில் மில்க்‌ஷேக் கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. பிறகு எல்லோர் முன்னும் ஐஸ்கிரீமை வைத்து, சுவைத்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். எடையைப் பற்றிக் கவலைப்படாத மாணவிகள், மில்க்‌ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். வயிறு நிறைந்தவர் செய்வது அதுதான். எப்போதும் அளந்து, அடக்கிச் சாப்பிடுகிற மாணவிகளோ மில்க்‌ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமைக் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். கட்டுப்பாடு ஒரு தடவை உடைந்ததும், "இன்றைய கணக்குப் போய்விட்டது, நாளையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று மனம் கைவிட்டுவிடுகிறது. கல்யாண வீட்டில் ஒரு ஜாங்கிரி வாயில் போட்டபின் பத்தியம் முழுவதையும் தள்ளிவைத்துவிடும் நோயாளியிடம் நடப்பதும் இதுவே. அவரிடம் இருப்பது கட்டுப்பாட்டின் பற்றாக்குறை அல்ல. ஒன்று உடைந்தால் எல்லாம் உடைந்ததாக எண்ண வைக்கும் இறுக்கமான கட்டுப்பாடு.

உணர்ச்சிக்காகச் சாப்பிடுவதைப் பற்றியும் நமக்குள் இருக்கும் உறுதி சற்றுத் தளர வேண்டியதுதான். நான் மனசு சரியில்லை என்றால் நிறையச் சாப்பிடுவேன் என்று வினாத்தாளில் எழுதுகிறவர்களை ஆய்வகத்தில் வருத்தப்படுத்திப் பார்த்தால், அவர்கள் பிறரைவிடக் கூடுதலாகச் சாப்பிடுவார்கள் என்று நிச்சயமாகச் சொல்ல முடிவதில்லை. கேத்தரின் ஈவர்ஸும் குழுவினரும் 2018-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், துயர உணர்ச்சிக்குப் பிறகு தெளிவாகக் கூடுதலாகச் சாப்பிட்டவர்கள் அடக்கிச் சாப்பிடும் பழக்கமுள்ளவர்கள். தன்னை உணர்ச்சிக்காகச் சாப்பிடுபவராகக் கருதுகிறவர், அதிகமாகச் சாப்பிட்ட பிறகு அதற்கு ஒரு காரணம் தேடி அப்படி நம்பியிருக்கவும் கூடும். மனக்கலக்கம் என்ற பண்பும் இரு திசையில் இழுப்பது. கவலை வந்தால் சிலருக்குப் பசி பிடுங்கும், சிலருக்குச் சோறே இறங்காது. சராசரி எடுக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. யோகெலாவின் கணக்கில் இந்தப் பண்பு உடல்பருமனோடு சீராக ஒட்டாமல் போனதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

பொறுப்புணர்வின் கதை வேறு. மன உறுதி என்றதும் ஆசையோடு மல்லுக்கட்டி வெல்லும் ஒருவரை நாம் கற்பனை செய்கிறோம். வில்ஹெல்ம் ஹாஃப்மனும் குழுவினரும் ஜெர்மனியில் 205 பேரிடம் கருவி ஒன்றைக் கொடுத்து, நாளில் பலமுறை அது ஒலிக்கும்போது அந்த நேரத்தில் என்ன ஆசை எழுந்திருக்கிறது, அதை எதிர்த்தீர்களா என்று கேட்டுப் பதிவு செய்தார்கள். 2012-இல் வெளியான அந்த ஆய்வில், தன்கட்டுப்பாடு மிக்கவர்கள் ஆசையோடு அதிகம் போராடியவர்கள் அல்லர்; போராட்டமே குறைவாக இருந்தவர்கள். அவர்கள் சபலம் வரும் இடத்துக்குப் போவதைத் தவிர்க்கிறார்கள், வீட்டில் வாங்கி வைப்பதில்லை, நேரத்துக்குச் சாப்பிட்டுவிடுகிறார்கள், அதையே பழக்கமாக்கிக்கொள்கிறார்கள். அதாவது பொறுப்பான குணம் பயன் தருவது, தன் சூழலைத் தானே அமைத்துக்கொள்ள முடிகிற அளவுக்கு. அமைத்துக்கொள்ளக் கையில் நேரமும் பணமும் அதிகாரமும் வேண்டும். இரவுப் பணிக்குப் போகிற காவலாளிக்கு விடியற்காலை மூன்று மணிக்குத் திறந்திருக்கும் ஒரே கடையில் பன்னும் சர்க்கரை தூக்கலான டீயும்தான் கிடைக்கும் என்றால், அவருடைய பொறுப்புணர்வு எதைப் பிடித்து நிற்கும்?

உளவியலாளர் வால்ட்டர் மிஷெலின் புகழ்பெற்ற மார்ஷ்மெல்லோ சோதனையும் இங்கே வந்துதான் முடிகிறது. மிட்டாய் இப்போது என்றால் ஒன்று, காத்திருந்தால் இரண்டு என்று சொல்லிக் குழந்தையைத் தனியே விடும் சோதனை அது. அதில் அதிக நேரம் காத்திருந்த குழந்தைகளின் பி.எம்.ஐ. (உடல் நிறைக் குறியெண்) முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு சற்றுக் குறைவாக இருந்தது என்று 2013-இல் ஓர் ஆய்வு சொன்னது. சிறுவயதிலேயே தெரியும் குணம் பிற்காலத்தைத் தீர்மானிக்கிறது என்று பலர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் 2018-இல் டைலர் வாட்ஸ், கிரெக் டங்கன், ஹாவ்னன் குவான் மூவரும் 900-க்கு மேற்பட்ட குழந்தைகளின் தரவை எடுத்து, காத்திருப்பு பிற்காலப் படிப்பைக் கணிக்கிறதா என்று பார்த்தபோது, தொடர்பு முதலில் சொன்னதில் பாதியாக இருந்தது. குடும்பப் பின்னணியையும் வீட்டுச் சூழலையும் கணக்கில் சேர்த்ததும் அந்தப் பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்தது. அது எடையைப் பற்றிய ஆய்வு அல்ல. ஆனால் காத்திருப்பை முழுக்கக் குணத்தின் கணக்கில் எழுத முடியாது என்பதை நன்றாகவே காட்டியது. சொன்னது சொன்னபடி கிடைக்கும் வீட்டில் வளர்ந்த குழந்தை காத்திருக்கும். வைத்தது நாளைக்கு இருக்காது என்று அறிந்த குழந்தை இப்போதே சாப்பிடும். அதன் நிலையில் அதுவே அறிவு.

இதே உண்மை நம் மண்ணிலேயே நிறுவப்பட்டிருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்து, ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ நால்வரும் 2013-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கரும்புப் பணம் கைக்கு வருமுன் அடகும் கடனுமாக நாட்கள் ஓடும். வந்தபின் மூச்சு விடலாம். சோதனையில் ஒரு பகுதி அறிவுக்கூர்மையைப் பார்த்தது. மறு பகுதி, சட்டென்று வாயில் வரும் தவறான விடையை அடக்கிச் சரியான விடையைச் சொல்லும் திறனைப் பார்த்தது. அதே விவசாயி, பணம் வந்தபின் இரண்டிலும் நன்றாகச் செய்தார். ஆளுமை வினாத்தாளில் உந்துதலைக் கட்டுப்படுத்தும் பண்பு என்று நாம் அளப்பதற்கு மிக அருகில் இருக்கும் ஒரு திறன், சில மாத இடைவெளியில், கடன் அடைந்ததால் கூடியது. அந்தச் சோதனை உணவைப் பற்றியது அல்ல என்பது உண்மை. ஆனால் மாதக் கடைசியில் வறுத்த தின்பண்டத்தில் வயிற்றை நிரப்பும் ஒருவரின் குணத்தை எடைபோட எழும் முன், அவர் இப்போது அறுவடைக்கு முன் நிற்கிறாரா பின் நிற்கிறாரா என்று கேட்க வேண்டும் என்பதை அது கற்பிக்கிறது.

தொடர்பு தலைகீழாகவும் ஓடுகிறது என்றேன். இரண்டாம் உலகப்போரின் கடைசி ஆண்டில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்ஸெல் கீஸ், போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்களைத் தாமாக முன்வரச் செய்து ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்தார். போரால் பட்டினி கிடந்த மக்களை எப்படி மீட்பது என்று அறியவே அந்தச் சோதனை. உடலும் மனமும் உறுதியானவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அவர்கள், கொள்கைக்காக நின்றவர்கள். எடையில் ஏறத்தாழ கால் பங்கு குறைந்தபோது அவர்களின் குணமே மாறியது. சிடுசிடுப்பு, சோர்வு, நண்பர்களிடமிருந்து ஒதுங்குதல். பேச்செல்லாம் சாப்பாட்டைப் பற்றி. சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள், தட்டை நக்கினார்கள், கொடுத்த கொஞ்சத்தை மணிக்கணக்காகப் பிசைந்து நீட்டினார்கள். பால்டிமோர் தரவிலிருந்தே சுட்டின் 2013-இல் இன்னொன்றையும் காட்டினார்: எடை 10 சதவீதமோ அதற்கு மேலோ ஏறியவர்கள் அதன்பிறகு உந்துதலுக்கு இணங்கும் தன்மையிலும் உயர்ந்தார்கள். கூடவே, செய்யுமுன் யோசிக்கும் தன்மையிலும் உயர்ந்தார்கள். வேண்டாம் என்று தெரிகிறது, ஆனாலும் கை போகிறது என்ற நிலை. அதே ஆண்டில் அவரும் அந்தோனியோ டெர்ராச்சியானோவும் அமெரிக்கர்கள் 6,000-க்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்து எழுதிய கட்டுரைதான் என்னை மிகவும் பாதித்தது. எடையைக் காரணம் காட்டி இழிவாக நடத்தப்பட்டதாகச் சொன்னவர்களில், தொடக்கத்தில் உடல்பருமன் இல்லாதவர்களுக்கு, சில ஆண்டுகளில் உடல்பருமன் அடையும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இரண்டரை மடங்கு. "குண்டு" என்று பட்டப்பெயர் வைத்தால் ரோஷம் வந்து இளைப்பார்கள் என்று நம் வீடுகளும் பள்ளிகளும் நம்பிக்கொண்டிருக்கின்றன. நடப்பது அதற்கு நேர் எதிர்.

இந்த ஆய்வுகள் பெரும்பாலும் தன் தட்டைத் தானே நிரப்பிக்கொள்கிற மேற்கத்திய மக்களிடம் நடந்தவை என்பதையும் மறக்கக் கூடாது. ஐந்து பண்புகள் என்ற சட்டகமே எல்லா இடத்திலும் நிற்பதில்லை. பொலிவியாவின் சிமானே மக்களிடம் மைக்கேல் குர்வனும் குழுவினரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் அந்த ஐந்தும் தனித்தனியாகப் பிரிந்து வரவில்லை. 2019-இல் 23 வளரும் நாடுகளின் தரவை வைத்து நடந்த ஆய்வும், வழக்கமான வினாத்தாள்கள் அங்கே அளக்க நினைத்ததை அளக்கவில்லை என்று சொன்னது. நம் வீட்டுச் சாப்பாட்டில் ஒரே குழம்பு எல்லோருக்கும்; உப்பும் எண்ணெயும் எவ்வளவு என்பது சமைப்பவர் கையில், பெரும்பாலும் அவருடைய மாமியாரின் நாக்கில். பல வீடுகளில் கடைசியாகச் சாப்பிடும் பெண், வீணாகக் கூடாதே என்று மிச்சம் மீதியை வழித்துச் சாப்பிடுகிறார். அதைக் கட்டுப்பாடின்மை என்று எந்த வினாத்தாள் சொன்னாலும் அது தவறான வினாத்தாள். அவரைச் சாப்பிட வைப்பது சிக்கனமும் பொறுப்பும். இணக்கமும் இங்கே வேறு வேலை செய்யும் என்று நினைக்கிறேன். சுவிஸ் ஆய்வில் இணக்கமானவர்கள் இறைச்சியைக் குறைத்தவர்கள். நம் ஊரில், போன இடத்தில் எல்லாம் காபியும் பலகாரமும் வந்து நிற்க, "வேண்டாம்" என்றால் மனம் நோகுமே என்று வாங்கிக்கொள்கிறவர் இணக்கமானவரே. பந்தியில் இலையை மடிக்கும் முன் கரண்டியோடு வந்து நிற்பவரிடம் கைகாட்டித் தடுக்க முடியாதவரும் அவரே. நற்குணம் என்று நாம் போற்றுவதே இரண்டாவது கரண்டி பாயசத்துக்கு வழிவிடுகிறது.

மிகையான ஒழுங்குக்கு மறுபக்கமும் உண்டு. எல்லாம் குறையின்றி இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் பசியின்மை நோயான அனோரெக்சியாவோடு நெருக்கமாகச் சேர்ந்து வருவதை மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கண்டிருக்கிறார்கள். தூய உணவு மட்டுமே என்று வட்டத்தைச் சுருக்கிச் சுருக்கி உடலைக் கெடுத்துக்கொள்ளும் போக்குக்கு ஸ்டீவன் பிராட்மன் 1997-இல் ஆர்த்தோரெக்சியா என்று பெயரிட்டார். ஆரோக்கியமற்ற உணவுப் பழக்கம் என்றால் அதிகம் தின்பது மட்டுமே என்று கொள்வதால், வாயைக் கட்டிக் கட்டியே நோயாளியாகும் இளம்பெண்கள் நம் கண்ணில் படுவதில்லை. பாராட்டுக்கூடக் கிடைக்கிறது அவர்களுக்கு.

சூழல் சூழல் என்று சொல்லித் தனிமனிதரின் பொறுப்பைக் கழற்றிவிடுகிறீர்கள் என்ற குற்றச்சாட்டு கடைசியில் வரும். அதை எளிதாகத் தள்ளவும் முடியாது. தன் கையில் ஒன்றுமில்லை என்று நம்பும் நோயாளி மாத்திரையைக்கூட ஒழுங்காகப் போடமாட்டார். ஆனால் இந்தச் சான்றுகள் பொறுப்பை எங்கே செலுத்தினால் பலன் என்று காட்டுகின்றன. ஒவ்வொரு வேளையும் ஆசையோடு போராடச் சொல்வதைவிட, என்ன வாங்குவது, எங்கே வைப்பது, எத்தனை மணிக்குச் சாப்பிடுவது என்று ஒருமுறை முடிவெடுத்துப் பழக்கமாக்கச் சொல்வது நிலைக்கும். குணத்தை அறிவதன் உண்மையான பயனும் இங்கேதான். கண்டதும் சாப்பிடுகிறவருக்குக் கலோரிக் கணக்குப் பாடம் வீண். பலகார டப்பாவை மேல்தட்டில் கண் மறைவாக வைப்பது உதவும். இறுக்கிக் கட்டிப் பின் மொத்தமாக உடைகிறவருக்குக் கடும் பத்தியம் தீங்கு. வாரத்தில் ஓரிரு இனிப்புக்குக் கணக்கில் இடம் கொடுத்துவிடுவது நல்லது. கவலையில் சாப்பிடுவதாகச் சொல்பவரிடம் முதலில் கவலையைக் கேட்க வேண்டும். ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடம்கூட ஒதுக்க முடியாத மருத்துவரிடம் இதை எதிர்பார்க்க முடியாது. ஒவ்வொரு அரசு மருத்துவமனையின் சர்க்கரை நோய்ப் பிரிவிலும் உட்கார்ந்து பேச நேரமுள்ள உணவு ஆலோசகர் இருக்க வேண்டும் என்று கேட்பது ஆடம்பரம் ஆகாது.

அரசின் பங்கு அதைவிடப் பெரிது. பொருளின் பின்பக்கத்துப் பொடி எழுத்து அட்டவணையைப் படித்து ஒப்பிடுகிறவர் ஏற்கெனவே பொறுப்பான குணம் கொண்டவர். உதவி தேவைப்படுவது அவசரத்தில் எடுத்துப் போகிறவருக்கு. சிலி நாடு 2016-இல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு, கலோரி மிகுந்த பொருள்களின் முகப்பில் எண்கோண வடிவில் கறுப்பு எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரங்களைக் கட்டுப்படுத்தி, பள்ளிகளில் அப்பொருள்களை விற்கவும் தடை போட்டது. ஒன்றரை ஆண்டுக்குள் எச்சரிக்கை பெற்ற பானங்களின் கொள்முதல் ஏறத்தாழ 24 சதவீதம் குறைந்தது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் முன்வைத்த வரைவோ அரை நட்சத்திரம் முதல் ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பெண் போடும் முறை. உப்பு அள்ளிப் போட்ட சிப்ஸும் கொஞ்சம் நார்ச்சத்துச் சேர்த்தால் ஒரு நட்சத்திரம் கூடுதலாகப் பெறக்கூடிய கணக்கு அது. நிறுத்திச் சிந்திக்கிறவருக்குக்கூட அது குழப்பம்; சிந்திக்க நேரமில்லாதவருக்கு நட்சத்திரம் என்பது பாராட்டாகவே தெரியும். கறுப்பு எச்சரிக்கையே இங்கும் வேண்டும். அதே ஆணையம் 2020-இல் கொண்டுவந்த விதி, கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டர் தூரத்துக்குள்ளும் விற்கக் கூடாது என்கிறது. அந்த 50 மீட்டரை அளந்து காக்கும் பொறுப்பைப் பத்து வயதுப் பிள்ளையின் மன உறுதியிடம் விடாமல், ஊராட்சியும் மாநகராட்சியும் உணவுப் பாதுகாப்பு அலுவலரும் ஏற்க வேண்டும். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களில் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்கிற அதே அழுத்தத்தோடு இதையும் கேட்கலாம்.